பிரிண்டர் யாருக்குச் சொந்தம்?

முதலில் ஒரு சின்னக் கேள்வி. ஸ்கேன் செய்ய மை வேண்டுமா?

வேண்டாம். கண்ணாடிக்குக் கீழே ஒரு விளக்கு நகர்கிறது. சென்சார் அந்தப் பக்கத்தைப் படித்துக் கணினிக்கு அனுப்புகிறது. அவ்வளவுதான். இதில் மைக்கு ஒரு சொட்டு வேலைகூடக் கிடையாது. ஆனாலும் மை தீர்ந்துபோனால் ஸ்கேன் செய்யவும் மறுக்கும் ஆல்-இன்-ஒன் பிரிண்டர்கள் இருக்கின்றன. இதற்காகவே 2021-ல் அமெரிக்காவில் கேனன் நிறுவனத்தின் மீது வழக்குப் போட்டார்கள். பின்னாலேயே எச்.பி. மீதும் அதே மாதிரி வழக்கு வந்தது.

அச்சடிக்க, நகலெடுக்க, ஸ்கேன் செய்ய என்று மூன்று வேலைக்குச் சேர்த்துக் காசு கொடுத்து வாங்கிய பெட்டி அது. ஒரு வேலைக்கான பொருள் தீர்ந்ததும் மூன்றையும் நிறுத்திவிட்டு உட்கார்ந்துகொள்கிறது. சிலிண்டரில் காஸ் தீர்ந்துவிட்டது, அதனால் ஃபிரிட்ஜும் திறக்காது என்றால் எந்த வீட்டிலாவது சும்மா இருப்பார்களா? கம்பெனிக்காரனைக் கூப்பிட்டு உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார்கள். பிரிண்டர் விஷயத்தில் மட்டும் எல்லோரும் முனகிக்கொண்டே போய்ப் புது கார்ட்ரிட்ஜ் வாங்கி வருகிறார்கள். இந்தப் பொறுமை தப்பு. இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான்.

காகித ஊர்

"போயும் போயும் ஒரு பிரிண்டருக்கு இவ்வளவு கோபமா?" என்று கேட்பவர்கள் புதுச்சேரியை ஒரு சுற்று சுற்றி வரலாம்.

கடற்கரையும் வெள்ளை நகர வீதிகளும் பார்க்க வருகிறவர்கள் கண்ணுக்குப் படுவது. உள்ளே இது காகிதத்தால் ஓடும் ஊர். யூனியன் பிரதேசத்தின் தலைநகர். அரசு அலுவலகங்கள், நீதிமன்றம், ஜிப்மர், காலாப்பட்டில் பல்கலைக்கழகம், லாஸ்பேட்டையில் கல்லூரிகள் என்று திரும்பின பக்கமெல்லாம் விண்ணப்பம், சான்றிதழ், ஜெராக்ஸ், கையொப்பம். இது போதாதென்று வேறெந்த ஊரிலும் இந்த அளவு இல்லாத இன்னொரு காகிதக் குவியலும் இங்கே உண்டு. 1954 நவம்பர் 1-ல் நிர்வாகம் கைமாறியது. 1962 ஆகஸ்ட் 16-ல் ஒப்பந்தம் சட்டப்படி நடைமுறைக்கு வந்தது. அப்போது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட குடும்பங்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்றைக்கும் பிறப்புச் சான்று, திருமணப் பதிவு, அவற்றின் பிரெஞ்சு மொழிபெயர்ப்பு என்று அலைகிறார்கள். பிரெஞ்சு ராணுவ ஓய்வூதியம் வாங்கும் சொல்தா வீடுகளில், ஆள் உயிரோடுதான் இருக்கிறார் என்பதற்கும் ஒரு காகிதம் போக வேண்டும்.

இந்தக் காகிதத்தையெல்லாம் யார் தயார் செய்கிறார்கள்? பெரிய அலுவலகங்கள் மட்டும் இல்லை. முத்தியால்பேட்டையில் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து மொழிபெயர்க்கிறவர், ரெட்டியார்பாளையத்தில் மாடியறையில் வரிக்கணக்குப் பார்க்கிறவர், லாஸ்பேட்டையில் டியூஷன் எடுத்து வாராவாரம் கேள்வித்தாள் அடிக்கும் டீச்சர்... இப்படிப்பட்டவர்கள்தான். இவர்களுக்குப் பிரிண்டர் என்பது விளையாட்டுச் சாமான் இல்லை. தையல்காரருக்கு மெஷின் மாதிரி. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து ஜெராக்ஸ் கடைகளும் மூடியபோது, இது வரை வாங்காதவர்களும் வாங்கினார்கள். வீடே அலுவலகம், வீடே பள்ளிக்கூடம் என்று ஆனதில் ஆல்-இன்-ஒன் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது.

உட்கார்ந்த பிறகுதான் அது யாருடைய ஆள் என்பது தெரிந்தது.

சுண்டைக்காய் கால் பணம்

சுமைகூலி முக்கால் பணம் என்று பழமொழி முடியும். கார்ட்ரிட்ஜ் பிரிண்டரின் வியாபாரம் மொத்தமும் இந்த ஒரு வரிக்குள் அடங்கிவிடும். பெட்டியை மலிவாகக் கொடு, மையில் பிடுங்கு.

கணக்குக்காக ஒரு உதாரணம். பிரிண்டர் 5,000 ரூபாய். கார்ட்ரிட்ஜ் 800 ரூபாய், 200 பக்கம் வரும் என்று வைத்துக்கொள்ளலாம். பக்கத்துக்கு 4 ரூபாய். மாதம் 300 பக்கம் அடித்தால் 1,200 ரூபாய். வருடத்துக்கு 14,400. அதாவது வருடா வருடம் கிட்டத்தட்ட மூன்று பிரிண்டர் விலை மையாகக் கரைகிறது! தெருமுனைக் கடையில் ஒன்றிரண்டு ரூபாய்க்குக் கிடைக்கும் அதே பக்கம். கடைக்காரர் அந்த ஒன்றிரண்டு ரூபாயில் வாடகை, கரண்ட், ஆள் சம்பளம் எல்லாம் பார்த்துவிட்டு லாபமும் எடுக்கிறார்.

அந்த 200 பக்கமாவது உருப்படியாக வருமா என்றால் அதுவும் சந்தேகம். பெட்டியின் மேல் போடும் பக்க எண்ணிக்கைக்கு ஐ.எஸ்.ஓ. தரமுறை ஒன்று இருக்கிறது. அதன்படி குறிப்பிட்ட மாதிரிப் பக்கங்களை நிறுத்தாமல் அடித்துக்கொண்டே போய்க் கணக்கிடுகிறார்கள். வீட்டில் யார் அப்படி அடிக்கிறார்கள்? திங்கட்கிழமை இரண்டு பக்கம், அப்புறம் பத்து நாள் ஒன்றுமில்லை. இங்க்ஜெட்டின் துளைகள் தலைமுடியை விட மெல்லியவை. சித்திரை வைகாசி வெயிலில் சும்மா கிடந்தால் மை காய்ந்து அடைத்துக்கொள்ளும். அடைப்பை எடுக்க இயந்திரம் மையைப் பீய்ச்சித் தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்கிறது. அந்த மை எங்கே போகிறது? காகிதத்துக்கு இல்லை, பெட்டிக்குள் இருக்கும் ஒரு பஞ்சுக்கு. காசு கொடுத்து வாங்கிய மையை இயந்திரமே பஞ்சுக்கு ஊற்றுகிறது. சில மாடல்களில் அந்தப் பஞ்சு நிரம்பிவிட்டதாக ஒரு எண்ணிக்கை காட்டினால் மொத்தப் பிரிண்டரும் நின்றுவிடும்.

இன்னொன்று. கார்ட்ரிட்ஜில் மை எவ்வளவு மிச்சம் என்று காட்டும் கோட்டைப் பார்த்து நம்புகிறவர்கள் நிறையப் பேர். பல மாடல்களில் அது அளந்து சொல்வதில்லை. எத்தனை சொட்டு தெளித்தோம் என்று எண்ணிப் போடும் உத்தேசக் கணக்கு அது. உள்ளே மை இருக்கும்போதே "காலி" என்று சொல்லிவிட இயந்திரத்தால் முடியும்.

பாரீஸ் மை புதுச்சேரியில் ஓடாது

புதுச்சேரிக்காரர்களுக்கென்றே செய்தது போல ஒரு பூட்டு இருக்கிறது. வட்டாரப் பூட்டு.

டி.வி.டி. காலத்து ஆட்களுக்கு இது ஞாபகம் இருக்கும். பிரான்சிலிருந்து மாமா கொண்டுவந்த டி.வி.டி. இங்கே ஓடாது. அங்கே மண்டலம் 2, இந்தியாவுக்கு மண்டலம் 5. பிரிண்டர்களிலும் பல மாடல்களுக்கு இதே கதை. ஒரு வட்டாரத்தில் விற்ற பிரிண்டர், இன்னொரு வட்டாரத்தில் விற்ற கார்ட்ரிட்ஜை ஏற்காது. அதே கம்பெனி, அதே அசல் மை, காசும் முழுசாகக் கொடுத்தாயிற்று. ஆனாலும் விமானத்தில் வந்தது என்ற ஒரே குற்றத்துக்காக ஓடாது. ஊரில் பாதி வீட்டுக்குப் பாரீஸில் உறவு இருக்கும் இடத்தில் இதற்கு என்ன அர்த்தம்? மையின் தரத்துக்கும் இந்தப் பூட்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. நாட்டுக்கு ஒரு விலை வைத்து விற்க வேண்டும், அதற்குத்தான் பூட்டு.

வாங்கிய பிறகு மாறும் பொருள்

இதெல்லாம் வாங்கும் நாளில் இருக்கும் பூட்டுகள். இதைவிட மோசம், வாங்கி வைத்த பிறகு ராத்திரியோடு ராத்திரியாக மாட்டும் பூட்டு.

2016 செப்டம்பர் 13. அன்று வரை வேறு கம்பெனி மையில் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த எச்.பி. ஆபீஸ்ஜெட் பிரிண்டர்கள், உலகம் முழுக்க, ஒரே நாளில் அந்த கார்ட்ரிட்ஜ்களை ஏற்க மறுத்தன. பழுது இல்லை. முன்கூட்டியே அனுப்பியிருந்த மென்பொருளில் தேதி குறித்து வைத்திருந்தார்கள்! கூச்சல் எழுந்த பிறகு, சரியாக விளக்கிச் சொல்லாததற்கு வருத்தம் தெரிவித்து, அந்தப் பூட்டு இல்லாத மென்பொருளையும் எச்.பி. கொடுத்தது. ஆனால் 'டைனமிக் செக்யூரிட்டி' என்ற பெயரில் அந்த ஏற்பாடு தொடர்ந்தது. 2020 டிசம்பரில் இத்தாலியின் போட்டி ஆணையம் இந்த மாதிரிக் கட்டுப்பாடுகளை வாடிக்கையாளருக்குத் தெளிவாகச் சொல்லவில்லை என்று எச்.பி.க்கு 1 கோடி யூரோ அபராதம் போட்டது.

'செக்யூரிட்டி' என்கிறார்களே, யாருக்குப் பாதுகாப்பு? 2024 ஜனவரியில் எச்.பி.யின் அப்போதைய தலைவர் என்ரிக்கே லோரஸ் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில் இதை ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். பிரிண்டர் வாங்கும் ஒவ்வொரு வாடிக்கையாளரும் கம்பெனி செய்யும் முதலீடு. அவர் போதுமான அளவு அச்சடிக்காவிட்டாலோ கம்பெனியின் மையை வாங்காவிட்டாலோ அது மோசமான முதலீடு. இதுதான் அவர் சொன்னதன் சாரம். கவனியுங்கள், காசு கொடுத்தவர் வாங்கியவர். ஆனால் முதலீடு செய்தது கம்பெனியாம்!

"அசல் மை இல்லையென்றால் இயந்திரம் கெட்டுவிடும், சிப் இல்லையென்றால் தரம் போய்விடும்" என்ற வாதத்துக்கு ஒரு கம்பெனியே பதில் சொல்லிவிட்டது. உலகம் முழுக்கச் சிப் தட்டுப்பாடு வந்தபோது, கேனன் தன் சொந்த டோனர்களைச் சிப் இல்லாமல் விற்க வேண்டியதாயிற்று. பிரிண்டர்களோ வழக்கம் போல எச்சரிக்கை காட்டின. 2022 ஜனவரியில் கேனனே தன் ஜெர்மன் வாடிக்கையாளர்களுக்கு அந்த எச்சரிக்கையை எப்படித் தள்ளிவிட்டு அச்சடிப்பது என்று வழி சொல்லிக் கொடுத்தது. அச்சின் தரம் குறையாது, டோனர் அளவு காட்டுவது மட்டும் சரியாக வேலை செய்யாமல் போகலாம் என்றும் சொன்னது. ஆக, சிப் இல்லாமல் ஓடும். ஓடும் என்பது அவர்களுக்கும் தெரியும்.

வாடகைக்கு விட்டவன் நேர்மையானவன்

ஜெராக்ஸ் என்ற கம்பெனிப் பெயர் தமிழில் ஒரு வினையாகவே மாறிவிட்டது. அந்தப் பெயரை உலகத்துக்குக் கொண்டுபோன இயந்திரம் 1959-ல் வந்த ஜெராக்ஸ் 914. ஏறக்குறைய 300 கிலோ. அதை வாங்க வசதியில்லாத அலுவலகங்களுக்குக் கம்பெனி மாத வாடகைக்கு விட்டது. குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் போனால் ஒவ்வொரு நகலுக்கும் தனிக் கட்டணம். இயந்திரம் கம்பெனியுடையது, பழுது பார்ப்பதும் கம்பெனியின் பொறுப்பு, பயன்படுத்தின அளவுக்குக் காசு. பிடிக்காதவர் திருப்பிக் கொடுக்கலாம். இதில் ஏமாற்று இல்லை.

இன்றைய கார்ட்ரிட்ஜ் பிரிண்டரில் நடப்பதும் பக்கத்துக்கு இவ்வளவு என்ற வாடகைதான். ஆனால் பெயர் மட்டும் விற்பனை. பழுதானால் அது வாங்கியவர் தலையில். கரண்ட் அவருடையது. இடம் அவருடையது. குப்பையாகும்போது அதைச் சுமப்பதும் அவரே. சொந்தக்காரனின் சுமை எல்லாம் ஒருவருக்கு, சொந்தக்காரனின் அதிகாரம் எல்லாம் இன்னொருவருக்கு. குத்தகைக்காரனை விடக் கேவலமான நிலை இது.

நீதிமன்றமும் இதைப் பார்த்திருக்கிறது. லெக்ஸ்மார்க் கம்பெனி, தன் டோனர் கார்ட்ரிட்ஜை மறுபடி நிரப்பி விற்பவர்கள் காப்புரிமையை மீறுகிறார்கள் என்று வழக்குப் போட்டது. 2017 மே 30-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஒரு பொருளை விற்றாயிற்று என்றால் அதோடு காப்புரிமை வைத்திருப்பவரின் பிடி முடிந்தது என்றது. பழைய கார்களைப் பழுது பார்த்து விற்கும் கடையைத் தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ் உதாரணம் காட்டினார். விற்ற பிறகும் ஒவ்வொரு உதிரிப்பாகத்தின் கம்பெனியும் உரிமை கொண்டாடினால் அந்தக் கடை என்ன ஆகும்? அருமையான தீர்ப்பு. ஆனால் சட்டத்தால் போட முடியாத பூட்டைக் கம்பெனிகள் சிப்பாலும் மென்பொருளாலும் போட்டுக்கொண்டே இருக்கின்றன.

பிரிண்டரிலிருந்து பிறந்த இயக்கம்

கணினி படிக்கும் மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய கதை ஒன்று. 1980 வாக்கில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வகத்துக்கு ஜெராக்ஸ் கம்பெனி ஒரு லேசர் பிரிண்டரைக் கொடுத்தது. அதில் அடிக்கடி காகிதம் சிக்கும். அங்கே நிரலாளராக இருந்த ரிச்சர்ட் ஸ்டால்மன், பழைய பிரிண்டரில் செய்தது போலவே, காகிதம் சிக்கினால் அச்சுக்கு அனுப்பியவருக்குத் தகவல் போகும்படி மென்பொருளைத் திருத்த நினைத்தார். மூல நிரல் கிடைக்கவில்லை. அதை வைத்திருந்த ஒருவரிடம் நேரில் போய்க் கேட்டும், வெளியே தரமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன் என்று மறுத்துவிட்டார். ஸ்டால்மன் 1983 செப்டம்பர் 27-ல் குனு திட்டத்தை அறிவித்ததற்குப் பின்னால் இந்தச் சம்பவமும் இருக்கிறது. இன்று புதுச்சேரிக் கல்லூரிகளில் மாணவர்கள் லினக்ஸ் போட்டுப் பழகுகிறார்களே, அந்தச் சங்கிலியின் ஒரு முனையில் ஒரு பிரிண்டர் நிற்கிறது.

இந்த ஊருக்கு அச்சு யந்திரத்தின் அருமை புதிதும் இல்லை. பாரதியாரின் 'இந்தியா' பத்திரிகை 1908-ல் சென்னையை விட்டுப் புதுச்சேரிக்கு வந்து இங்கிருந்து அச்சானது. ஆங்கிலேய அரசு அதைத் தன் எல்லைக்குள் வராமல் தடுத்தது. 1910-ல் பத்திரிகை நின்றது. அந்தத் தடை எல்லையில் இருந்தது. யந்திரம் மட்டும் வைத்திருந்தவர் சொன்னபடி கேட்டது, ஊற்றின மையில் அடித்தது.

"பிடிக்கவில்லை என்றால் வாங்காதே"

இப்படி ஒரு பதில் ரெடியாக வரும். பெட்டியின் மேல் உண்மையை எழுதியிருந்தால் இது நியாயமான பதில். பக்கத்துக்கு என்ன செலவு, வேறு மை ஓடுமா, எந்த வட்டாரப் பூட்டு, மை இல்லாமல் ஸ்கேன் ஆகுமா... இதில் எது பெட்டியின் முகப்பில் பெரிய எழுத்தில் இருக்கிறது? தெரியாமல் வாங்கியவரிடம் "ஏன் வாங்கினாய்" என்று கேட்பது குசும்பு.

"மலிவாக விற்பதால்தானே ஏழைகளும் வாங்க முடிகிறது" என்பது இன்னொரு வாதம். முதல் நாள் 5,000 ரூபாய் மட்டும் புரட்ட முடிந்தவரிடம் பிறகு வருடம் 14,000 வாங்குவது உதவி இல்லை. கந்துவட்டிக்காரரும் முதல் நாள் உதவிதான் செய்கிறார்.

மலிவாக மை விற்க முடியாதா? முடியும். கம்பெனிகளே செய்து காட்டிவிட்டன. ரீஃபில் கடைக்காரர்கள் ஊசியால் மை ஏற்றினார்கள். பிரிண்டருக்கு வெளியே டப்பா கட்டி டியூப் மாட்டினார்கள். கம்பெனிகள் அவர்களைத் திட்டித் தீர்த்தன. பிறகு 2010-ல் எப்சன் இந்தோனேசியாவில் தொட்டி வைத்த பிரிண்டரைத் தானே வெளியிட்டது. இந்தியாவுக்கும் வந்தது. கேனனும் எச்.பி.யும் பின்தொடர்ந்தன. சில நூறு ரூபாய் பாட்டிலில் சில ஆயிரம் பக்கம்! ரீஃபில் கடைக்காரர் செய்தபோது அது திருட்டு மாதிரி, கம்பெனி செய்தால் தொழில்நுட்பம்.

சரி, என்னதான் செய்வது?

வீட்டில் தொழில் செய்கிறவர் முதலில் மாதத்துக்கு எத்தனை பக்கம் என்று எண்ண வேண்டும். ஐம்பதுக்குள் என்றால் பிரிண்டரே வேண்டாம். ஸ்கேனுக்கு செல்போன், அச்சுக்கு ஜெராக்ஸ் கடை. கறுப்பு எழுத்து மட்டும்தான் என்றால் கறுப்பு வெள்ளை லேசர். டோனர் தூள், வெயிலில் காயாது. வண்ணம் தேவை, அடிக்கடி தேவை என்றால் தொட்டி பிரிண்டர். வாரம் ஒரு பக்கமாவது அடிக்க வேண்டும். எதை வாங்கினாலும் கடையிலேயே மூன்று கேள்வி: பக்கத்துக்கு என்ன செலவு? மை இல்லாமல் ஸ்கேன் ஆகுமா? வேறு மை போட்டால் ஓடுமா? பதில் மழுப்பலாக வந்தால் அடுத்த கடை.

ஆனால் வாங்குகிறவரின் சாமர்த்தியம் மட்டும் போதாது. இந்தியாவில் மின்னணுக் கழிவு விதிகள் (2022) 2023 ஏப்ரல் 1 முதல் அமலில் உள்ளன. பிரிண்டரும் கார்ட்ரிட்ஜும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. செத்த பிரிண்டருக்குக் கம்பெனி பொறுப்பு. உயிரோடு இருக்கும் பிரிண்டரைச் சாகடிக்காமல் இருப்பதற்கு? 2022 டிசம்பரில் மத்திய அரசு பழுது பார்க்கும் உரிமைக்கென்று ஒரு இணையதளம் திறந்தது. நல்லது. ஆனால் அது தகவல் பலகை, சட்டம் இல்லை.

பிரான்சில் 2015-லேயே சட்டம் வந்துவிட்டது. ஒரு பொருளின் ஆயுளை வேண்டுமென்றே குறைத்தால் இரண்டு ஆண்டு சிறை, 3 லட்சம் யூரோ அபராதம். 2017-ல் ஒரு பிரெஞ்சு அமைப்பு பிரிண்டர் கம்பெனிகள் மீதுதான் அந்தச் சட்டத்தில் புகார் கொடுத்தது. புதுச்சேரி பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து போலீஸின் சிவப்புத் தொப்பியை வைத்துக்கொண்டது, வீதிப் பெயர்களை வைத்துக்கொண்டது, ரொட்டியையும் வைத்துக்கொண்டது. கடன் வாங்க இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது என்றால் அது இந்தச் சட்டம்தான்.

அது டெல்லியில் நடக்க வேண்டிய வேலை. ஆனால் புதுச்சேரி அரசு தன் அலுவலகங்களுக்கு வாங்கும் டெண்டரில் நாளைக்கே நான்கு வரி சேர்க்கலாம். மை இல்லாவிட்டாலும் ஸ்கேனர் இயங்க வேண்டும். எந்தக் கம்பெனி மையையும் ஏற்க வேண்டும். விற்ற பிறகு மென்பொருளால் வசதியைப் பறிக்கக் கூடாது. பக்கச் செலவைப் பெட்டி மேல் எழுத வேண்டும். அரசு கேட்டால் கம்பெனி தரும். அரசுக்குத் தருவதை மொழிபெயர்ப்பவருக்கும் டியூஷன் டீச்சருக்கும் தரமாட்டேன் என்று அப்புறம் எந்த முகத்தோடு சொல்லும்?